மாமாவுக்குத் தொழாத தொழுகை

என் மாமாவுக்கு ஊரில் நடக்க வேண்டிய ஜனாஸா, அதாவது இறந்தவருக்கான தொழுகை, நடக்காமல் போனதற்கு நான்தான் காரணம். நான் ஒரு பொய் சொன்னேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயதைச் சொல்வது என் குற்றத்தைக் குறைத்துக்கொள்ள அல்ல. அந்த வயதே பின்னால் ஒரு சிக்கலாக வந்து நின்றது. அதனால் சொல்கிறேன்.

மாமா என் உம்மாவின் தம்பி. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவரை உம்மாதான் வளர்த்தாள். தோல் வேலைக்காகக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து பம்மலுக்கு வந்து தங்கிவிட்ட சில குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வாப்பா தோல் ஷாப் எனப்படும் பதனிடும் ஆலை ஒன்றில் பதப்படுத்திய தோலைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். மாமாவையும் அங்கேயே சேர்த்துவிட்டார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிச் சில மாதம் வேலை பார்த்தவர், ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் போய் ராணுவத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். நாட்டுப்பற்றினால் போனார் என்று பின்னாளில் எல்லோரும் சொன்னார்கள். என்னிடம் அவர் சொன்னது வேறு. "அந்தத் தொட்டி நாத்தம் தாங்கலடா. துப்பாக்கி எவ்வளவோ தேவல."

அவருக்குத் துப்பாக்கி பிடிக்கும் வேலை அதிகம் கிடைக்கவில்லை. கோவேறு கழுதைகளின் மேல் சாமான் ஏற்றி மலைக்குக் கொண்டுபோகும் பிரிவில் போட்டிருந்தார்கள். விடுமுறையில் வந்தபோது இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த விடுமுறையில்தான் அவருக்கும் தாம்பரத்துப் பெண்ணான மாமிக்கும் நிக்காஹ் நடந்தது. மாமிக்குப் பதினெட்டு வயது இருக்கும். மாமா திரும்பிப் போனதும் மாமி எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

கொஞ்ச நாளில் சீனாவோடு சண்டை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஜவான்களுக்காகக் கம்பளி சேகரித்தார்கள். வியர்த்து ஒழுகும் எங்கள் ஊரில் யாரிடம் கம்பளி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வகுப்பில் போர்முனையில் உறவினர் இருந்த ஒரே பையன் நான். என் மாமா பீரங்கிக்காரர் என்று சொல்லியிருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் உண்மையைப் போட்டு உடைத்தான். "பீரங்கியாவது இன்னொண்ணாவது. அவுரு கய்தே மேய்ச்சிக்கினு கீறாரு. எங்கப்பாவே சொல்லுச்சு." வகுப்பே கனைத்தது. அன்றிலிருந்து நான் உள்ளே நுழைந்தால் பின்பெஞ்சிலிருந்து அவனுடைய கழுதைக் குரல் எழும்.

இந்த நிலையில்தான் தந்தி வந்தது. தபால்காரரே படித்துச் சொன்னார். மாமா இறந்துவிட்டார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எப்படி, எங்கே என்று இல்லை. உடல் வரப்போவதும் இல்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் மார்க்கச் சட்டத்தில் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தது. ஒருவர் வெளியூரில் இறந்துவிட்டால், உடல் எங்கோ இருக்க, சொந்த ஊரில் கூடி அவருக்காக ஜனாஸா தொழுவது எங்களில் உண்டு. காயிப் ஜனாஸா என்பார்கள். ஆனால் போர்க்களத்தில் வெட்டுப்பட்டோ குண்டுபட்டோ விழுந்தவரைக் குளிப்பாட்டுவதும் இல்லை, அவருக்குத் தொழுவதும் இல்லை. ரத்தத்தோடேயே அடக்கம் செய்துவிட வேண்டும். அவர் ஷஹீத், வீரத் தியாகி. அவருக்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை என்று அர்த்தம்.

எங்கள் சிறிய பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் இதைத்தான் சொன்னார். "எப்படி மவுத்தானாருன்னு தெரியணும். சண்டையில விழுந்திருந்தா தொழுகை இல்ல. நோய்நொடியில போயிருந்தா கட்டாயம் தொழணும். தெரியட்டும், பொறுங்க."

நான் கதவோரம் நின்று கேட்டேன். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். குண்டடி பட்டிருந்தால் மாமா பெரிய ஆள். நோயில் போயிருந்தால் எல்லோரையும் போல ஓர் ஆள். தொழுகை இல்லை என்பது எனக்கு ஒரு பதவி உயர்வு மாதிரிப் பட்டது.

சில வாரங்கள் கழித்து ஒரு வியாழக்கிழமை மாலை, பல்லாவரம் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஜட்கா வந்து எங்கள் வாசலில் நின்றது. காக்கி உடுப்பில் ஒரு வடக்கத்திச் சிப்பாய் இறங்கினார். கையில் மாமாவின் தகரப் பெட்டி. பரங்கிமலைக்கு மாற்றலாகி வந்தவர், மாமாவோடு ஒரே பிரிவில் இருந்தவர். அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. வாப்பாவுக்கு இந்தி தெரியாது. தெருவே எங்கள் முன்னறையில் கூடிவிட்டது. உம்மாவும் மாமியும் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றார்கள். மாமி, கணவனை இழந்தவர்கள் நாலு மாதம் பத்து நாள் வெளியார் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தார்.

ஜட்காக்காரர் கைவிரித்தார். "இன்னா பாய் இந்தாளு, ஏறினதுலருந்து பேசிக்கினே வராரு. குதுரைக்கும் பிரியல, எனக்கும் பிரியல."

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்துத் தெருவில் உருது பேசும் குடும்பங்கள் இருந்தன; அங்கே ஆண்கள் யாரும் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. அந்தப் பையன்களோடு காற்றாடி விட்டு விட்டு அந்தப் பேச்சும் அதை ஒட்டிய இந்தியும் எனக்கு வந்திருந்தன. எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்தி தெரியும் என்பது வெளியே சொல்லிக்கொள்ளும் விஷயம் அல்ல. அன்று முதன்முறையாக அதற்கு ஒரு மரியாதை வந்தது. வாப்பா என்னை இழுத்துச் சிப்பாயின் எதிரே நிறுத்தினார்.

சிப்பாய் என் உயரத்துக்குக் குனிந்து மெதுவாகப் பேசினார். புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது. மலையில் குளிர். மேலே ஏறியபோதே இருமல். மூச்சு விட முடியவில்லை. கழுதை மேலேயே கட்டிக் கீழே இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தார். இதைச் சொல்லும்போது அவர் தன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

அந்தக் கையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஜட்காக்காரர்தான் முதலில் கேட்டார். "அய்யோ, நெஞ்சாண்டயா பூந்துச்சு குண்டு?"

கூட்டம் என் முகத்தைப் பார்த்தது. கூட்டத்தின் ஓரத்தில் அந்தக் கழுதைக் குரல் பையனும் நின்றான். நான் தலையை ஆட்டினேன். "ஆமா. நெஞ்சுல."

ஒரு பெருமூச்சு அறை முழுக்க எழுந்தது. யாரோ அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள். ஜட்காக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். இத்தனையும் என் ஒரு தலையாட்டலுக்கு. அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நிறுத்த விரும்பவும் இல்லை. "துப்பாக்கியப் பிடிச்சபடியே விழுந்தாராம்" என்றேன்.

சிப்பாய் இதெல்லாம் தன் சொற்களுக்கான கண்ணீர் என்று நினைத்து மேலும் பேசினார். நிறையப் பேசினார். குரல் உடைந்தது. வாப்பாவுக்குச் சந்தேகம் வந்தது.

"அவரு இவ்வளவு நேரம் பேசுறாரு, நீ ரெண்டு வார்த்த சொல்றே?"

"இந்தியில அப்படித்தான் வாப்பா, நீளமா வரும்."

"நடுவுல நமாஸ்னு என்னமோ சொன்னாரே?"

தொழுகை என்று பொருள்படும் அந்த ஒரு சொல் வாப்பாவுக்குத் தெரிந்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை. "மாமா அஞ்சு வேளையும் விடாம தொழுவாராம்."

வாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுப்பினால் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்ளும் மாமாவை அவருக்கு நன்றாகத் தெரியும். மலைக்குப் போய்த் திருந்திவிட்டான் என்று நம்பியிருப்பார்.

உண்மையில் சிப்பாய் சொன்னது இது. அந்த ஆஸ்பத்திரியில் மாமாவின் மார்க்கத்தார் யாரும் இல்லை. மாமா தன்னை எப்படிக் குளிப்பாட்ட வேண்டும், எந்தத் திசையில் வைக்க வேண்டும் என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்படியே செய்தார்கள். நமாஸ் மட்டும் தங்களால் முடியவில்லை. "ஊரில் எனக்காகத் தொழச் சொல். அது போதும்" என்று மாமா இவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார். அதைச் சொல்லத்தான் சிப்பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெரியாத ஊருக்கு வந்திருந்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. அழுகையே இல்லாத குரல். "தம்பி, கடைசியா ஏதாச்சும் சொன்னாரான்னு கேளு."

நெஞ்சில் குண்டு பாய்ந்தவர் எப்படிப் பேசுவார்? நான் சிப்பாயிடம் கேட்கவே இல்லை. திரும்பி, "உடனே போயிட்டாராம் மாமி. ஒண்ணும் சொல்லலையாம்" என்றேன்.

சிப்பாய் தேநீர் குடித்தார். என் தலையைத் தடவினார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் தனியாக, "நமாஸ் விஷயம் சொல்லிவிட்டாயல்லவா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அவர் நிம்மதியாக ஜட்காவில் ஏறினார். அவரை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை.

மறுநாள் ஜும்மா முடிந்ததும் ஹஜ்ரத் எழுந்து மாமாவைப் பற்றிப் பேசினார். ஷஹீத் என்ற சொல்லை இரண்டு முறை சொன்னார். தொழுகை இல்லை, துஆ மட்டும் ஓதிக் கலைவோம் என்றார். வாப்பாவோடு வீட்டுக்கு வந்தேன். மாமி உம்மாவிடம் கேட்டார்.

"தொழுதாங்களா?"

"ஷஹீதுக்குத் தொழுகை கெடையாதாம்மா. அது பெரும."

"பெருமதான் மச்சி" என்றார் மாமி. "ஆனா அந்தக் குளிருல, ரத்தத்தோட, அப்படியேவா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் கழுதைக் குரல் எழவில்லை. அந்தப் பையன் தன் பம்பரத்தை எனக்குக் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு ஷஹீது வீடு என்று பெயர் வந்தது. மாமி இத்தா முடிந்து தாம்பரத்துக்குப் போனார். சில வருடங்கள் கழித்து ஒரு துணிக்கடைக்காரரை மணந்து பிள்ளைகள் பெற்றார். நான் படித்தேன். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். மத்ஹபின் சட்டம் எனக்குச் சரியாகப் புரிந்தபோது எனக்குப் பதினேழு வயது இருக்கும். அன்றே வாப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஹஜ்ரத் உயிரோடு இருந்தார். ஜமாஅத்தில் அன்று இருந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமையில் முடிந்திருக்கும் காரியம். வாப்பா என்ன நினைப்பார் என்று தள்ளிப்போட்டேன். வாப்பா இறந்தபின் உம்மா தாங்கமாட்டாள் என்று தள்ளிப்போட்டேன். உம்மா இறந்தபின் தள்ளிப்போடக் காரணம் கிடைக்கவில்லை. காரணம் இல்லாமலேயே தள்ளிப்போட்டேன். சிறுவன் சொன்ன பொய்க்குச் சில நிமிடம்தான் ஆயிற்று. மீதியெல்லாம் பெரியவன் செய்தது.

போன வருடம் எனக்கு நிமோனியா வந்தது. படுக்கையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு நெஞ்சில் கை வைத்து அழுத்தினேன். சிப்பாயின் கை நினைவுக்கு வந்தது. தேறி எழுந்ததும், நான் இப்போது குடியிருக்கும் பீர்க்கன்கரணையில் ஏரிக்கரைப் பக்கம் உள்ள பள்ளிவாசலுக்குப் போய் இமாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பேரன் வயதுக்காரர். நான் முடிக்கும்வரை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"முதல்ல ஒண்ணு பாய். நெஞ்சு நோயில போனவங்களுக்கும் ஷஹீதுடைய கூலி உண்டுன்னு ஹதீஸ்ல இருக்கு. அது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். மாமாவுக்கு ஏற்கெனவே இருந்த ஒன்றை வாங்கிக் கொடுக்கத்தான் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

"ஆனா அவங்களைக் குளிப்பாட்டணும், தொழணும். குளிப்பாட்டினாங்க, சரி. இப்ப காயிப் தொழலாம். எத்தனை வருஷம் ஆனாலும் ஷாஃபில தடையில்ல." பிறகு கேட்டார். "அவர் மவுத்தான அன்னைக்கு உங்களுக்கு என்ன வயசு சொன்னீங்க?"

"ஒன்பது."

"அப்ப உங்களால முடியாது பாய். மவுத்தான அன்னைக்கு யார் மேல அந்தத் தொழுகை கடமையா இருந்துச்சோ, அவங்கதான் பின்னால தொழ முடியும். அன்னைக்குப் பருவம் அடைஞ்சிருக்கணும். எனக்கும் முடியாது, நான் பொறக்கவே இல்ல. வேற கருத்தும் இருக்கு, ஆனா பலமானது இதுதான். அன்னைக்குப் பெரியவங்களா இருந்தவங்க இப்ப யாராவது இருக்காங்களா?"

நான் மனதுக்குள் எங்கள் தெருவை வீடு வீடாக நடந்து பார்த்தேன். எல்லோரும் போய்விட்டார்கள். ஒருவரைத் தவிர.

"ஒரு பொம்பளை இருக்காங்க. அவங்க தொழலாமா?"

"தாராளமா."

மாமி இப்போது நாவலூரில் மகளோடு இருக்கிறார். இரண்டு பஸ் மாறிப் போனேன். ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடி. வாசலில் காவலாளி என் பெயர், யாரைப் பார்க்க வேண்டும், என்ன விஷயம் என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்கு, "சொந்தக்காரங்க" என்றேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். மாமி நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னா வாத்தியாரே, இளைச்சிட்டே. மருமக சோறு போடுறதில்லையா?" என்றார்.

உட்கார்ந்து சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. குண்டு இல்லை, குளிரும் இருமலும்தான், ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார், தொழச் சொல்லிக் கேட்டார், நான் மறைத்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். மாமியின் கை கீரையிலேயே இருந்தது, ஆயவில்லை.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்.

"குளிப்பாட்டுனாங்களா?"

"குளிப்பாட்டினாங்க மாமி. அவரே சொல்லிக் கொடுத்திருந்தாராம்."

"அந்தக் குளிருலயா? பச்சத் தண்ணியிலயா?"

நான் கண்ணை மூடிக்கொண்டு சிப்பாயின் முகத்தைக் கொண்டுவந்தேன். ஒரு சொல் இருந்தது. கரம் பானி. "வெந்நீர்" என்றேன். "வெந்நீர் வச்சாங்களாம். இது பொய் இல்ல மாமி. அவர் சொன்னாரு."

"வெந்நீரா" என்றார் மாமி. "வெந்நீரா" என்று மறுபடி சொன்னார். முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டார். இத்தனை வருடமும் அவர் மனதில் மாமா ரத்தம் உறைந்த உடுப்போடு பனியில்தான் கிடந்திருக்கிறார். அங்கே கொண்டுபோய்ப் போட்டது நான்.

பிறகு எழுந்து, தொழுகைக்காக முகம் கைகால் கழுவி ஒளூச் செய்துவிட்டு வந்தார். ஜனாஸா தொழுகையில் குனிவதும் இல்லை, தலையைத் தரையில் வைப்பதும் இல்லை. நின்றபடி முடிந்துவிடும். முழங்கால் வலிக்காரருக்கும் முடியும். பால்கனிக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, துணி காயும் கொடிக்கு இந்தப் பக்கம், மாமி தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார். நான் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்கவும் மாமா இறந்த அன்று எனக்கு வயது இல்லை. தண்ணீர் லாரி ஒன்று கீழே ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் முடிவதற்குள் அவர் சலாம் கொடுத்து முடித்துவிட்டார். இவ்வளவுதான். இவ்வளவு சின்னக் காரியத்தைத்தான் மாமா சிப்பாயின் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார்.

மாமி மறுபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது. வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

"இரு" என்றார். "வேற என்ன சொன்னாரு அந்த மனுஷன்?"

"இவ்வளவுதான் மாமி."

"நெறையப் பேசுனாருடா. நான் திரைக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். பாஷைதான் தெரியல. ரொம்ப நேரம் பேசுனாரு. ஒரு எடத்துல லேசா சிரிச்சாரு. அது என்னா?"

சிரித்தாரா? எனக்கு நினைவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் துப்பாக்கியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்து என்ன சொன்னால் அந்தப் பையன் வாயைப் பிளப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தவற்றில் எனக்கு இடைஞ்சலானவை மட்டுமே மனதில் நின்றிருக்கின்றன.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

ஒரு வாக்கியம் போதும். எனக்கு அந்த வித்தை ஒன்பது வயதிலேயே தெரியும். உங்கள் பெயரைச் சொன்னார், நிக்காஹ் நாளைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார் என்று சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கிப் போய்விடலாம். வாய் வரைக்கும் வந்தது.

"தெரியல மாமி. சொல்லியிருப்பாரு. நான் கவனிக்கல" என்றேன்.

மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் முதல்முறையாக அவர் முகத்தில் கோபத்தைக் கண்டேன். அது பொய்க்கான கோபம் இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் அவர் போன் செய்கிறார். சாப்பிட்டாயா, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, "வேற ஏதாச்சும் ஞாபகம் வந்துச்சா?" என்கிறார். இல்லை மாமி என்கிறேன். சரி, யோசி என்று வைத்துவிடுகிறார். நானும் யோசிக்கிறேன். அறை வருகிறது, தகரப் பெட்டி வருகிறது, குனிந்த அந்த முகம் வருகிறது. வாய் அசைகிறது. சத்தம் இல்லை.

அன்று அந்த அறையில் எனக்கு எதிரே நின்ற கூட்டம்தான் கதை கேட்க வந்தது என்று நினைத்தேன். அவர்களுக்கு ஏற்றபடி சொன்னேன். எனக்குப் பின்னால் இருந்த துணித் திரையை நான் ஒரு முறைதான் திரும்பிப் பார்த்தேன், அதுவும் ஒண்ணும் சொல்லலையாம் என்று சொல்வதற்கு.